வன் அடுக்கும் மென் அடுக்கும்: படிமாற்ற அழுத்தமின் பட்டை ஒன்றின் வலிய மின்புல நடத்தை

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள, மின்புலம் கொடுத்தால் நீளம் மாறும் அழுத்தமின் செராமிக் பட்டை ஒன்றின் ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. மீதி 25 மில்லிமீட்டர் நீளம் நீச்சல்குளத்துத் தாவுபலகைபோல வெளியே நீண்டிருக்கிறது. மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் வெள்ளிப் பூச்சு மின்வாய்களாக இருக்கிறது. பட்டையின் மேல்பாதி மென்வகைக் காரீய சிர்கோனேட் டைட்டனேட், அதாவது வணிகத்தில் பி.இசட்.டி-5எச் என்று அறியப்படும் வகை. கீழ்ப்பாதி வன்வகையான பி.இசட்.டி-4. இரண்டுக்கும் இடையே பசை கிடையாது. சுடாத பச்சைத் தாள்களாக அடுக்கி, அழுத்தி, ஒன்றாகவே சூளையில் சுட்டெடுத்த ஒரே கட்டி. இரண்டு பாதிகளும் ஒரே திசையில் முனைவாக்கப்பட்டவை, அதாவது வலிய புலத்தால் உள்ளிருக்கும் மின்முனைகள் ஒரே பக்கம் திருப்பி நிறுத்தப்பட்டவை. இரு மின்வாய்களுக்கும் இடையே 200 வோல்ட் கொடுத்தால் நுனி எந்தப் பக்கம், எவ்வளவு அசையும் என்பதே முதல் கேள்வி.

இந்தப் பட்டை கணக்கில் மட்டுமே இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்கள் பொருள் அட்டவணைகளில் கிடைக்கும் வழக்கமான மதிப்புகள். கூட்டல் பெருக்கல் என்னுடையவை. ஒரு தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான் என்றாலும், படிமாற்றப் பொருள்களில் மின்புலம் வலுத்தால் நடப்பவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு அடுக்குகளிலேயே தெரிந்துவிடுகிறது. அடுக்குகளை ஐந்தாகவோ இருபதாகவோ பெருக்கினால் எண்கள் மாறும், கதை மாறாது.

கலவை தடிமன்வழியே சிறிது சிறிதாக மாறும் படிமாற்றப் பொருள் என்ற எண்ணம் வேறொரு தேவைக்காகப் பிறந்தது. 1980களின் நடுப்பகுதியில் ஜப்பானின் செண்டாய் நகரத்து ஆய்வாளர்கள், விண்ணூர்தி ஒன்றின் வெளித்தோலுக்காக, ஒரு முகத்தில் செராமிக்காகவும் மறுமுகத்தில் உலோகமாகவும் இருந்து, இடையில் வெடிப்பு விழும் கோடு இல்லாத பொருளைத் தேடினார்கள். அழுத்தமின் துறைக்கு அந்த எண்ணம் உடனே பிடித்துப்போனதற்குக் காரணம் பசைதான். வளையும் இயக்கிகள் அதுவரை ஒரு செராமிக் தகட்டை உலோகத் தகட்டுடனோ இன்னொரு செராமிக் தகட்டுடனோ ஒட்டிச் செய்யப்பட்டன. கோடிக்கணக்கான முறை வளையும்போது பசை தளர்கிறது, சூட்டில் இளகுகிறது, குளிரில் வெடிக்கிறது. பசையே இல்லாமல், பொருளுக்குள்ளேயே ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுருங்கும்படி செய்துவிட்டால் பட்டை தானாகவே வளையும் அல்லவா?

அப்படி நினைத்துப் போட்ட கணக்கைப் பார்ப்போம். தகட்டின் தடிமன்வழியே மின்புலம் கொடுக்கும்போது நீளவாக்கில் ஏற்படும் திரிபைக் குறிக்கும் குணகம் டி-31 எனப்படும். மென்வகைக்கு அது வோல்ட்டுக்கு 274 பிக்கோமீட்டர், வன்வகைக்கு 123. இரண்டுக்கும் குறி எதிர்மறை, அதாவது முனைவாக்கத் திசையிலேயே புலம் கொடுத்தால் இரண்டும் நீளத்தில் சுருங்கும். 200 வோல்ட்டை 0.4 மில்லிமீட்டரால் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 0.5 கிலோவோல்ட். ஆகவே மென் அடுக்கு பத்து லட்சத்தில் 137 பங்கு சுருங்கும், வன் அடுக்கு 61.5 பங்கு சுருங்கும், வேறுபாடு 75.5. இரு பாதிகளின் தடிமனும் யங் குணகமும் சமம் என்று கொண்டால், ஈருலோகப் பட்டைக்குத் திமோஷென்கோ 1925-இல் தந்த வாய்பாட்டின்படி, நுனி மேல்நோக்கி ஏறத்தாழ 88 மைக்ரான் எழும்ப வேண்டும்.

இந்தக் கணக்கு தவறு. அசைவே இராத அளவுக்குத் தவறு என்றுகூடச் சொல்லலாம்.

மின்வாய்கள் இருப்பது வெளிமுகங்களில் மட்டுமே; இரண்டு அடுக்குகளும் தொடரிணைப்பில் உள்ள இரண்டு மின்தேக்கிகள். இரண்டின் வழியாகவும் ஒரே மின்னூட்டம்தான் செல்லும். ஆகவே எந்த அடுக்கின் விடுதிறன் (புலத்தில் மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) குறைவோ அந்த அடுக்கின் மீதுதான் அதிக மின்னழுத்தம் விழும். மென்வகையின் ஒப்புமை விடுதிறன் 3400, வன்வகைக்கு 1300. 200 வோல்ட்டை இந்த விகிதத்தில் பங்கிட்டால், மென் அடுக்குக்குக் கிடைப்பது மில்லிமீட்டருக்கு 0.28 கிலோவோல்ட், வன் அடுக்குக்கு 0.72. இப்போது திரிபைக் கணக்கிட்டால் மென் அடுக்கு பத்து லட்சத்தில் 75.8 பங்கும், வன் அடுக்கு 89 பங்கும் சுருங்குகின்றன. மென்மையானதைவிட வன்மையானது அதிகம் சுருங்குகிறது! வேறுபாடு 13.2 மட்டுமே, அதுவும் எதிர்க்குறியில். நுனி 88 மைக்ரான் மேலே எழுவதற்குப் பதிலாக 15 மைக்ரான் கீழே இறங்குகிறது.

அந்த 15 என்ற எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டியதில்லை. அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் விடுதிறன்கள் கட்டற்ற நிலை மதிப்பிலிருந்து சற்றுக் குறையும். அந்தத் திருத்தமே பத்து விழுக்காட்டை எட்டக்கூடியது என்பதால், இவ்வளவு சிறிய மீதியின் குறியைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. நம்ப வேண்டியது ஒன்றைத்தான்: மீதி சிறியது. அது சிறியதாக இருப்பதும் தற்செயல் அல்ல. தொடரிணைப்பில் அடுக்கின் திரிபை முடிவு செய்வது டி-31 அல்ல. அதை விடுதிறனால் வகுத்து வரும் ஜி-31. மென்வகை, வன்வகை, இடைவகை என்று அட்டவணையில் எதை எடுத்தாலும் ஜி-31 மதிப்புகள் 0.009-க்கும் 0.0115-க்கும் இடையிலேயே நெருங்கிக் கிடக்கின்றன. முனைவாக்கம் பெற்ற பெர்ரோமின் செராமிக்கில் டி குணகம் என்பது இருபடி மின்திரிபுக் குணகம், விடுதிறன், எஞ்சிய முனைவாக்கம் ஆகிய மூன்றின் பெருக்கத்தைப்போல் இரு மடங்கு. விடுதிறனால் வகுத்தால் எஞ்சுவது திரிபுக் குணகமும் முனைவாக்கமும் மட்டுமே. இவை ஒரே குடும்பத்துக்குள் பெரிதாக மாறுவதில்லை. பி.இசட்.டி.க்குள்ளேயே எத்தனை படிகள் வைத்தாலும் பட்டை வளைய மறுப்பதற்கு இதுவே காரணம்.

1995-இல் சீன ஆய்வாளர்கள் ஜூவும் மெங்கும் வெளியிட்ட படிமாற்ற இயக்கியின் நுட்பம் இந்த இடத்தில்தான் புரிகிறது. காரீய நிக்கல் நயோபேட், காரீய சிர்கோனேட், காரீய டைட்டனேட் மூன்றும் கலந்த தொகுதியில், ஒரு முகத்தில் அழுத்தமின் விளைவு வலுத்தும் விடுதிறன் குறைந்தும், மறுமுகத்தில் அழுத்தமின் விளைவு தேய்ந்தும் விடுதிறன் பெருத்தும் இருக்கும்படி அவர்கள் கலவையை மாற்றினார்கள். அதன் பயனை நம் பட்டையில் போட்டுப் பார்க்கலாம். மேல்பாதியை இடைவகையான பி.இசட்.டி-5ஏ ஆக்கி (விடுதிறன் 1700, டி-31 மதிப்பு 171), கீழ்ப்பாதியை அதைப்போல் நான்கு மடங்கு விடுதிறனும் முனைவாக்கமே இல்லாத தன்மையும் உடைய பொருளாக ஆக்கினால், 200 வோல்ட்டில் மேல் அடுக்குக்கு 0.8 கிலோவோல்ட், கீழ் அடுக்குக்கு 0.2 கிலோவோல்ட். மேல் அடுக்கு 137 பங்கு சுருங்குகிறது. கீழ் அடுக்கின் இருபடித் திரிபு ஓரிரு பங்குதான். நுனி 159 மைக்ரான் எழும்புகிறது. இதே தடிமனுள்ள செயலற்ற உலோகத் தகட்டை ஒட்டியிருந்தால் மொத்த மின்னழுத்தமும் செராமிக்கின்மீதே விழுந்து 200 மைக்ரான் கிடைத்திருக்கும். பசையைத் தவிர்ப்பதற்குக் கொடுக்கும் விலை ஐந்தில் ஒரு பங்கு அசைவு. நியாயமான விலை என்றே எனக்குப் படுகிறது.

இதுவரை சொன்னது முழுவதும் நேரியல் கணக்கு. புலம் வலுக்கும்போது குணகங்களே நிலையாக இருப்பதில்லை.

பெர்ரோமின் செராமிக்கின் ஒவ்வொரு துகளும் பல டொமைன்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு டொமைனுக்குள் முனைவாக்கம் ஒரே திசையில் நிற்கும். புலத்தால் ஏற்படும் திரிபில் ஒரு பகுதி படிகக் கூட்டின் நீட்சியிலிருந்து வருகிறது; மறுபகுதி, மென்வகையில் பெரும்பகுதி, டொமைன் சுவர்களின் நகர்விலிருந்து வருகிறது. எதிரெதிர்த் திசை டொமைன்களைப் பிரிக்கும் சுவர் நகர்ந்தால் மின்னூட்டம் மாறுமே தவிர நீளம் மாறாது. செங்குத்தான திசைகளைப் பிரிக்கும் சுவர் நகர்ந்தால்தான் படிகத்தின் நீண்ட அச்சும் குறுகிய அச்சும் இடம் மாறித் திரிபு பிறக்கும். இந்தச் சுவர்கள் குறைபாடுகளில் சிக்கிச் சிக்கி நகர்கின்றன. ரேலி 1887-இல் இரும்பின் காந்தமாக்கலுக்குச் சொன்ன விதி இங்கும் அப்படியே பொருந்துகிறது: புலத்தின் வீச்சு கூடக் கூட டி குணகம் நேர்விகிதத்தில் உயர்கிறது, அதோடு ஏறும் வழியும் இறங்கும் வழியும் வேறாகித் தயக்கக் கண்ணி அகலமாகிறது. விடுதிறனும் இதே விதியின்படி உயர்கிறது. வன்வகையில் இரும்பு போன்ற ஏற்பி மாசுகள் ஆக்சிஜன் காலியிடங்களோடு இணைந்து சுவர்களைக் கட்டிப்போடுவதால் இந்த உயர்வு மிகச் சிறியது. நயோபியம் போன்ற கொடை மாசுகள் இட்ட மென்வகையில் சுவர்கள் தாராளமாக ஓடுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மாதிரியைச் சிலிக்கான் எண்ணெயில் மூழ்கவைத்து, அதனுடன் ஒரு பெரிய மின்தேக்கியைத் தொடரில் சேர்த்து, அலைநோக்கியின் ஒரு அச்சில் மின்னழுத்தத்தையும் மறு அச்சில் அந்த மின்தேக்கியின் மின்னழுத்தத்தையும் கொடுக்க வேண்டும். 1930-இல் சாயரும் டவரும் ரோஷெல் உப்புக்காக அமைத்த சுற்றின் சாரம் இதுதான். சிறிய வீச்சில் திரையில் தெரிவது ஒரு சாய்ந்த கோடு. குமிழைத் திருகத் திருகக் கோடு மெலிந்த எலுமிச்சை விதைபோல வீங்குகிறது. சாய்வும் சற்றுச் செங்குத்தாகிறது. முனைவாக்கத்தைக் கவிழ்க்கும் முனைநீக்கு புலத்தின் பாதியைத் தாண்டியதும் விதையின் நுனிகள் வளைகின்றன. அதற்கு மேல் போனால் கோடு ஒரே தாவலில் சதுரக் கண்ணியாகத் திறந்துகொள்கிறது. அதே நேரத்தில் நீளத்தை அளந்தால் வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகள்போன்ற வளைவரை கிடைக்கும். சிறகுகள் சந்திக்கும் இடத்தில்தான் டொமைன்கள் மொத்தமாகத் திரும்புகின்றன. அங்கே சுருங்க வேண்டியது நீள்கிறது.

படிமாற்றப் பட்டையில் இந்த நேரியலற்ற தன்மை எப்படிக் கூடுகிறது? கூடுவதில்லை, பெரும்பாலும் தணிகிறது என்பதுதான் விடை. நம் முதல் பட்டைக்கே திரும்புவோம். வலிய புலத்தில் மென் அடுக்கின் டி குணகமும் விடுதிறனும் 20 விழுக்காடு உயர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். தனித்தகடாக இருந்தால் திரிபும் 20 விழுக்காடு உயரும். இங்கோ விடுதிறன் 3400-லிருந்து 4080 ஆனதுமே மென் அடுக்கின் பங்கு 0.28 கிலோவோல்ட்டிலிருந்து 0.24 ஆகக் குறைகிறது. மிஞ்சியது வன் அடுக்குக்குப் போய்விடுகிறது. மென் அடுக்கின் திரிபு 75.8-லிருந்து 79.4 ஆகத்தான் உயர்கிறது. 20 விழுக்காடு வெறும் 5 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது.

அழுத்தமின் இயக்கிகளைச் செலுத்துவோருக்கு இது பழக்கமான தந்திரம். மின்னழுத்தத்துக்குப் பதிலாக மின்னூட்டத்தைக் கட்டுப்படுத்தினால் தயக்கம் வெகுவாகக் குறையும் என்பதை நியூகோம்பும் ஃப்ளின்னும் 1982-இல் காட்டினார்கள். மின்னூட்டப் பெருக்கி கட்டுப்படியாகாதவர்கள் இயக்கியோடு ஒரு சாதாரண மின்தேக்கியைத் தொடரில் போட்டு அதே பயனில் ஒரு பகுதியைப் பெறுவார்கள். படிமாற்றப் பட்டையில் வன் அடுக்கே அந்தத் தொடர் மின்தேக்கி. அது செராமிக்குக்கு உள்ளேயே அமர்ந்திருக்கிறது. ஜூ, மெங் வகைப் பட்டையிலும் இதே தணிப்பு உண்டு. அங்கே விடுதிறன் பெருத்த கீழ் அடுக்கு வலிய புலத்தில் தெவிட்டி விடுதிறனை இழக்கிறது. அதனால் அதன் மீது விழும் மின்னழுத்தம் கூடி, மேல் அடுக்கின் பங்கு குறைகிறது. மேல் அடுக்கின் குணகங்கள் 20 விழுக்காடு உயர்ந்து, கீழ் அடுக்கின் விடுதிறன் 20 விழுக்காடு குறைந்தால், மேல் அடுக்கின் திரிபு 137-லிருந்து 149 வரையே செல்கிறது. ஆனால் அங்கே ஒரு புதிய தொல்லை சேர்கிறது: இருபடித் திரிபு புலத்தின் குறியைப் பார்ப்பதில்லை. புலத்தை எப்பக்கம் திருப்பினாலும் கீழ் அடுக்கு சுருங்கத்தான் செய்யும். 200 வோல்ட்டில் புறக்கணித்த ஓரிரு பங்கு, மின்னழுத்தத்தை மும்மடங்காக்கினால் பத்து மடங்கை நெருங்கும்; இருபக்கமும் சமமாக ஆட வேண்டிய நுனி ஒரு பக்கம் சாய்ந்தே ஆடும்.

இனி, புலத்தை முனைவாக்கத்துக்கு எதிர்த்திசையில் கொடுக்கும் நிலைமை. இதில்தான் இந்த நிகழ்வின் சிக்கலான பகுதி இருக்கிறது. மென்வகையின் முனைநீக்கு புலம் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 0.8 கிலோவோல்ட், வன்வகைக்கு 1.5 என்று வைத்துக்கொள்வோம். முழுப் பட்டையும் மென்வகையாக இருந்தால் 320 வோல்ட்டில் முனைவாக்கம் கவிழும். படிமாற்றப் பட்டையில், ஒரு நொடிக்கு நூறு முறை மாறும் மின்னழுத்தத்தைக் கொடுத்தால், மென் அடுக்கு 0.8-ஐ எட்ட 578 வோல்ட் தேவைப்படுகிறது. ஆனால் அதற்கு முன்பே, 415 வோல்ட்டிலேயே, வன் அடுக்கு தன் 1.5-ஐ எட்டிவிடுகிறது. மென் அடுக்கைக் காத்ததற்கான செலவை வன் அடுக்கு ஏற்கிறது. வேகமான இயக்கத்தில் முதலில் கவிழ்வது, நாம் உறுதியானது என்று நம்பிச் சேர்த்த அடுக்குதான்.

மெதுவான இயக்கத்தில் முறை தலைகீழாகிறது. மின்னழுத்தத்தை மாற்றாமல் பிடித்து வைத்தால், நேரம் போகப் போக, புலத்தைப் பங்கிடும் வேலையை விடுதிறனிடமிருந்து மின்கடத்துதிறன் எடுத்துக்கொள்கிறது. மாக்ஸ்வெல்லும் வாக்னரும் அடுக்கடுக்கான மின்காப்பிகளுக்குச் சொன்னது இதுதான். கொடை மாசு இட்ட மென்வகையின் மின்தடை எண் வன்வகையைவிடப் பல மடங்கு உயர்ந்தது. காரீயக் காலியிடங்களால் வரும் கடத்தலைக் கொடை மாசு ஈடுசெய்துவிடுவதே காரணம். வித்தியாசம் பத்து மடங்குதான் என்று குறைவாகவே எடுத்துக்கொள்வோம்: வன்வகைக்குப் பத்தின் பத்தாம் அடுக்கு ஓம் மீட்டர், மென்வகைக்குப் பதினொன்றாம் அடுக்கு. அப்போது நிலைத்த புலத்தில் பதினொன்றில் பத்துப் பங்கு மின்னழுத்தம் மென் அடுக்கின் மீதே விழுகிறது. 200 வோல்ட் என்றால் மில்லிமீட்டருக்கு 0.91 கிலோவோல்ட், அதன் முனைநீக்கு புலத்தைவிட அதிகம்.

இந்த மாற்றம் உடனே நடப்பதில்லை. இரு அடுக்குகளின் விடுதிறன்களின் கூட்டுத்தொகையை மின்கடத்துதிறன்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் கால மாறிலி 378 நொடி, அதாவது ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல். மின்னழுத்தம் கொடுத்த கணத்தில் மென் அடுக்கில் 0.28 கிலோவோல்ட், ஆறு நிமிடத்தில் 0.66, பதினொன்றாம் நிமிடத்தில் 0.8. அதே 200 வோல்ட்தான். எந்தக் குமிழையும் யாரும் தொடவில்லை. நூறு ஹெர்ட்ஸில் 400 வோல்ட் வரை பத்திரமாக ஆடிக்கொண்டிருந்த பட்டை, அதில் பாதி மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்ததும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் தன் மென் அடுக்கின் முனைவாக்கத்தை இழக்கத் தொடங்குகிறது. உண்மையில் இன்னும் முன்னதாகவே தொடங்கும். மெதுவான புலத்தில் டொமைன்கள் முனைநீக்கு புலத்துக்குக் கீழேயே திரும்பத் தொடங்கிவிடும் என்பதால் 0.8 என்ற எண்ணே நேரத்தைப் பொறுத்தது. சூடு ஏறினால் கடத்துதிறன் விரைவாகக் கூடி, கால மாறிலியும் சுருங்கிவிடும். வலிய புலம் என்று ஒற்றை எண்ணைக் குறிப்பிட்டுப் படிமாற்றப் பட்டையின் எல்லையைச் சொல்வது ஏன் பொருளற்றது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இதே பங்கீடு, பட்டை பிறக்கும்போதே ஒரு குறையை விதைத்துவிடுகிறது. செராமிக்கை முனைவாக்க, நூறு டிகிரிக்கு மேல் சூடான சிலிக்கான் எண்ணெயில் அதை வைத்து, மில்லிமீட்டருக்கு 2 கிலோவோல்ட் அளவில் நேர்மின்னழுத்தத்தைச் சில பல நிமிடங்கள் பிடித்து வைப்பது வழக்கம். நம் பட்டைக்கு அது 800 வோல்ட். அந்தச் சூட்டில் கால மாறிலி மிகக் குறைவு என்பதால் கடத்துதிறன் விகிதமே ஆள்கிறது. மேலே எடுத்துக்கொண்ட பத்து மடங்கு விகிதம் அங்கும் நீடித்தால், மென் அடுக்குக்கு 3.6 கிலோவோல்ட், வன் அடுக்குக்கு 0.36. எளிதில் திரும்பும் அடுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு பெறுகிறது. திரும்ப மறுக்கும் அடுக்கு ஏறக்குறைய எதுவுமே பெறவில்லை. எண்ணெயிலிருந்து வெளியே வரும் பட்டையில் மென்பாதி முழுமையாக முனைவாக்கப்பட்டிருக்கும், வன்பாதி வெறும் பீங்கானாக இருக்கும்.

இந்தக் குறைப்பட்ட பட்டையை எடுத்து 200 வோல்ட் மாறுமின்னழுத்தத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? மென் அடுக்கு பத்து லட்சத்தில் 75.8 பங்கு சுருங்கும், வன் அடுக்கு சும்மா இருக்கும், வேறுபாடு 75.8. நுனி மேல்நோக்கி 89 மைக்ரான் எழும்பும். முனைவாக்கப்படாத வன் அடுக்கின் விடுதிறன் சற்று வேறாக இருக்கும் என்பதைப் புறக்கணித்தால், தொடக்கத்தில் போட்ட தவறான கணக்கு சொன்ன 88 மைக்ரானுக்கு இது மயிரிழை நெருக்கம். விடுதிறன் பங்கீட்டை மறந்து வடிவமைத்தவர், கடத்துதிறன் பங்கீட்டை மறந்து முனைவாக்கியவரின் பட்டையை அளந்து பார்த்து, கோட்பாடும் அளவீடும் ஒத்துப்போகின்றன என்று மகிழ்ச்சியோடு எழுதிவிடலாம். இந்த எண்கள் இப்படி ஒத்து வந்தது இந்த இரு பொருள்களுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல். ஆனாலும் ஒரு பிழை இன்னொரு பிழையை மூடி மறைக்கும் இடம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பார்க்கும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முனைவாக்கத்தைச் சரிசெய்ய வழி உண்டு. அறை வெப்பநிலையிலேயே, கால மாறிலியைவிட மிகக் குறுகிய, ஓரிரு நொடித் துடிப்புகளாக 800 வோல்ட்டைக் கொடுத்தால் பங்கீடு விடுதிறன்வழி நடக்கும்: வன் அடுக்குக்கு 2.9 கிலோவோல்ட், மென் அடுக்குக்கு 1.1. இரண்டும் தத்தம் முனைநீக்கு புலத்தைத் தாண்டிவிடுகின்றன. டொமைன்கள் திரும்பும் கணத்தில் விடுதிறனே தாறுமாறாக மாறும் என்பதால் இது தொடக்க நிலைக் கணக்கு மட்டுமே. ஒரு துடிப்பு போதாது, பல வேண்டும். இன்னொரு வழி, சுடும்போதே மாசுகளின் அளவைத் திருத்தி இரு அடுக்குகளின் மின்தடை எண்களை நெருங்கவைப்பது. அதில் சூளையின் குறுக்கீடு உண்டு. 1200 டிகிரியை ஒட்டிய சூட்டில் அடுக்குகளுக்கிடையே மாசுகள் ஊடுருவுகின்றன. ஒரு பக்கத்து இரும்பும் மறுபக்கத்து நயோபியமும் நடுவில் சந்தித்து ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டு, வன்மையும் இல்லாத மென்மையும் இல்லாத ஒரு மூன்றாம் பொருளை உண்டாக்கிவிடுகின்றன. காகிதத்தில் போட்ட படிகள் சூளைக்குள் சரிவாகிவிடும். பல சமயம் அது நல்லதற்கே. தகைவு ஒரே கோட்டில் குவிவதை அந்தச் சரிவு தடுக்கிறது.

தொடர்ப் பங்கீட்டின் பிடியில் சிக்காத படிமாற்றப் பொருள் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஹேர்ட்லிங் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ரெயின்போ வில்லை அது. காரீயம் கலந்த அழுத்தமின் செராமிக் வில்லையைக் கரிக்கட்டையின்மேல் வைத்து 975 டிகிரியில் ஒரு மணி நேரம்போல் சூடாக்குகிறார்கள். கரியைத் தொடும் முகத்தில் ஆக்சைடு ஒடுக்கமடைந்து காரீய உலோகம் பிரிகிறது. அந்த அடுக்கு கறுத்து, மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. ஆறும்போது இரு பாதிகளும் வெவ்வேறு அளவு சுருங்குவதால் தட்டையாக உள்ளே போன வில்லை கவிழ்த்த கிண்ணம்போல் குவிந்து வெளியே வருகிறது. ஒடுங்கிய அடுக்கு கடத்தி என்பதால் அது மின்வாயாகவே நடந்துகொள்கிறது. மின்னழுத்தம் முழுவதும் மிஞ்சிய ஆக்சைடின்மீதே விழுகிறது. கலவையைவிட இங்கே முக்கியமான படிமாற்றம் உள்தகைவுதான். அது தடிமன்வழியே மாறிச்சென்று, செங்குத்து டொமைன்களை ஓரளவு முன்கூட்டியே சாய்த்து வைத்திருக்கிறது. புலம் வந்ததும் அவை திரும்புவதால் அசைவு பெரிதாகிறது. தயக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகிறது. தொடர் மின்தேக்கியாக நின்று தணிப்பதற்கு அங்கே எந்த அடுக்கும் இல்லை.

நம் பட்டையின் கடைசிக் கேள்வி, வன் அடுக்கு முனைவாக்கப்பட்டதா இல்லையா என்பதை உடைக்காமல் அறிவது எப்படி என்பது. நுனி அசைவை மட்டும் பார்த்தால், மேலே கண்டபடி, நன்றாக ஆடும் பட்டைதான் குறைப்பட்ட பட்டை. ஆடாத பட்டை சரியான பட்டை. இதை நம்பி முடிவெடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் இரு பொருள்களின் கியூரி வெப்பநிலைகள் உதவிக்கு வருகின்றன: மென்வகைக்கு 193 டிகிரி, வன்வகைக்கு 328. சூடேறும்போது பிறக்கும் மின்னூட்டம் புலமாகத் தேங்கிவிடாதபடி இரு மின்வாய்களையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, பட்டையை 250 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி, மெதுவாக ஆறவிட வேண்டும். மென் அடுக்கின் முனைவாக்கம் முழுவதும் அழிந்துபோகும். வன் அடுக்கில் இருந்தது பெரும்பாலும் தங்கும். கம்பியை எடுத்துவிட்டு, நூறு ஹெர்ட்ஸில் மீண்டும் 200 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். முனைவாக்கத் திசையில் புலம் இருக்கும்போது நுனி நூறு மைக்ரான் அளவுக்குக் கீழ்நோக்கி இறங்கினால் வன் அடுக்கு சரியாக முனைவாக்கப்பட்டிருந்தது. நுனி அசையாமல் நின்றால், அந்த 89 மைக்ரான் முழுவதும் மென் அடுக்கு தனியாக இழுத்தது.